அதான் முழி தெரியல

திருவேங்கடம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு லட்டு கேட்காதீர்கள். ஏழுமலையான் இருக்கிற திருவேங்கடம் வேறு. நான் சொல்வது சங்கரன்கோவில் பக்கத்துத் திருவேங்கடம். கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ், இப்போது தென்காசி மாவட்டத்தில் ஒரு தாலுகா. திருப்பதி அளவுக்கு இங்கே கூட்டம் வராது. ஆனால் என் சின்ன வயதில் யாரும் தரிசனம் கொடுக்காமல் தாண்ட முடியாத ஒரு சந்நிதி இருந்தது: எங்கள் ஆச்சியின் திண்ணை.

ஆச்சி அங்கே உட்கார்ந்து, தெருவில் போகிற ஒவ்வொரு முகத்தையும் ஸ்கேன் பண்ணுவாள். ஏர்போர்ட் மெஷினுக்காவது பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஆச்சிக்கு அதுவும் வேண்டாம். "புருவம் கூடியிருக்கு, ஆகாது." "கண்ணு குழிக்குள்ள கிடக்கு, நம்பாத." இதற்கெல்லாம் மேலே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்று உண்டு: "ஏல, அவன் திருட்டு முழில்லா முழிக்கான்." அப்பீல் கிடையாது.

ஒரு நாள் கரண்ட் மீட்டர் பார்க்க வந்த புது ஆளை ஆச்சி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். முழி சரியில்லையாம். அதே வாரம் நெற்றி நிறைய விபூதி, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி சகிதம் ஒருவர் வந்தார். "நகைக்குப் பாலிஷ் போடுதோம் ஆச்சி" என்றார். லட்சணமான முகம். ஆச்சி உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, காதில் கிடந்த பாம்படத்தைக் கழற்றி நீட்டினாள். பாம்படம் பளபளவென்று திரும்பி வந்தது, ஒன்றரைப் பவுன் இளைத்து.

வீடே ஆச்சியைப் பிடித்துக்கொண்டது. "மூஞ்சியப் பார்த்தே ஆளச் சொல்லிருவேம்பியே, இப்ப என்னாச்சு?" ஆச்சி அசரவே இல்லை. "கண்ணாடில்லா போட்டிருந்தான். அதான் முழி தெரியல."

கவனித்தீர்களா? பவுன் போயிற்று, தியரி போகவில்லை. இந்த ஒரே ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பேராசிரியர்கள் சிலர் பல வருஷம் காலம் தள்ளியிருக்கிறார்கள்.

அவர்களில் பெரிய ஆச்சி, இத்தாலிக்காரர் செசாரே லொம்ப்ரோசோ. 1835-ல் வெரோனாவில் பிறந்தவர். ராணுவ டாக்டராக இருந்தார், மனநல விடுதி டாக்டராக இருந்தார், பிறகு டூரின் நகரத்தில் பேராசிரியர் ஆனார். ஊரில் யார் இறந்தாலும் மனுஷர் துக்கம் விசாரிக்கிற சாக்கில் மண்டையைப் பார்த்துவிட்டு வருவாரோ என்று சந்தேகப்படும் அளவுக்கு மண்டை ஓடு சேர்த்தார்.

1870 டிசம்பரில் ஒரு நாள், வில்லெல்லா என்கிற தெற்கு இத்தாலிக்காரனின் மண்டை ஓட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். திருட்டு வழக்கில் சிக்கின ஆள். பின்மண்டையின் உள்பக்கம், மற்றவர்களுக்கு மேடாக இருக்கிற இடத்தில், இவனுக்கு ஒரு சின்னக் குழி. சில விலங்குகளின் மண்டையில் இருக்குமே, அந்த மாதிரி. இருட்டுச் சமவெளியில் திடீரென்று வெளிச்சம் அடித்த மாதிரி எல்லாம் விளங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே உருகியிருக்கிறார். ஆர்க்கிமிடீஸுக்குத் தொட்டி, நியூட்டனுக்கு ஆப்பிள், இவருக்குக் குழி. விழுந்தவர் கடைசி வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தியரி இதுதான். மனித இனம் மொத்தமும் பஸ் ஏறிப் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. குற்றவாளி மட்டும் பழைய பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறான். அதாவது அவன் காலம் தப்பிப் பிறந்த ஆதிமனிதன், பாதிக் குரங்கு. அவன் திருடுவது அவன் தப்பில்லை, முப்பாட்டன் குரங்கின் தப்பு. எனவே அவனைக் கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டாம், சாட்சி வேண்டாம். ஒரு டேப் போதும்.

1876-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். முதல் பதிப்பு 250 பக்கத்துச் சொச்சம். ஐந்தாம் பதிப்பு வருவதற்குள் 1900 பக்கம் தாண்டிவிட்டது. மெகா சீரியல் மாதிரி ஒவ்வொரு பதிப்பிலும் புதுப்புது அங்கங்கள் கதைக்குள் வந்தன. பெரிய தாடை, துருத்தின கன்ன எலும்பு, ஜாடிக் கைப்பிடி மாதிரிக் காது, அளவுக்கு மீறி நீண்ட கை, கூடின புருவம்.

நீண்ட கையா? சார், நம்ம காவிய ஹீரோ ஒருத்தருக்காவது கை முழங்காலுக்கு மேலே நின்றிருக்கிறதா? நம்ம சாமுத்திரிகா லட்சணத்தில் அது ராஜ லட்சணம். டூரினில் அது ரிமாண்ட். பெரிய காது நம்ம ஊரில் ஆயுள் கெட்டி என்பதற்கு அடையாளம். அங்கேயும் ஆயுள்தான், ஆயுள் தண்டனை.

அதற்காக லொம்ப்ரோசோவும் ஆச்சியும் எதிரிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கூடின புருவம் விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. ஆனால் ஆச்சியை அவர் முன்னால் நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வயிற்றைக் கலக்கியது.

பச்சை குத்தியவர்களைக் கண்டால் லொம்ப்ரோசோவுக்கு ஆகாது. அது காட்டுமிராண்டித்தனத்தின் முத்திரை என்றார். ஆச்சிக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பச்சைக் கோலம், நடுவில் ஒரு தேள். பிறவிக் குற்றவாளிக்கு வலி உறைக்காது என்றார். ஆச்சி கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குவாள். குதிகாலில் ஏறின உடைமுள்ளைச் சேப்டி பின்னால் நோண்டிக்கொண்டே மருமகளைத் திட்டுவாள், ராகம் பிசகாமல். குற்றவாளிகளுக்கென்று தனி பாஷை உண்டு என்றார். ஆச்சி பேசுகிற தமிழ் மெட்ராஸ்காரருக்கே புரியாது. காதைக் கேட்கவே வேண்டாம், பாம்படம் இழுத்துத் தோளைத் தொட்டுக்கொண்டிருக்கும். புருவமும், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, கூடின புருவம். ஐந்துக்கு ஐந்து. என் ஆச்சி டிஸ்டிங்ஷன்.

சரி, முகம் லட்சணமாக இருந்தும் கொலை பண்ணுகிறவன் கதை? அங்கேதான் கறுப்புக் கண்ணாடி வருகிறது. அவன் 'பிறவிக் குற்றவாளி' இல்லையாம், 'சந்தர்ப்பக் குற்றவாளி'யாம். அல்லது உணர்ச்சி வேகத்தில் செய்தவனாம். கேஸ்கள் சேரச் சேரப் பிறவிக் கோட்டா சுருங்கிக்கொண்டே வந்து, கடைசியில் குற்றவாளிகளில் மூன்றில் ஒரு பங்குதான் என்கிற மாதிரி இறங்கி வந்தார். மளிகைக் கடை ஸ்டாக் கிளியரன்ஸ்கூட இவ்வளவு தள்ளுபடி தராது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் அபாரம். 1893-ல் மருமகனாகப் போகிற ஃபெரேரோவோடு சேர்ந்து பெண் குற்றவாளிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அளந்து பார்த்தால், பெண்களிடம் குற்ற அடையாளங்கள் குறைவாகக் கிடைத்தன. நியாயமாக என்ன முடிவுக்கு வர வேண்டும்? பெண்கள் நல்லவர்கள், அல்லது தியரி தப்பு. அவர் வந்த முடிவு: பெண் இனமே பரிணாமத்தில் பின்தங்கியது, அதனால் தனியாக எதுவும் தெரியவில்லை. சபாஷ்! கண்ணாடி போட்டிருந்தாலும் மாட்டுவாய், கழற்றினாலும் மாட்டுவாய்.

இந்த மனுஷர் 1897-ல் ரஷ்யாவுக்கு மருத்துவ மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் டால்ஸ்டாயைப் பார்க்க ஆசை. பெரிய மேதைகளும் ஒரு வகையில் மூளை கலங்கியவர்களே என்பது அவருடைய இன்னொரு தியரி. சாம்பிள் பார்க்கப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த டால்ஸ்டாய் அவரை நீச்சலுக்குக் கூட்டிப்போனார். ஏழு வயது இளையவரான பேராசிரியர் மூச்சுத் திணறி மூழ்கப் பார்க்க, சாம்பிள்தான் இழுத்துக் கரை சேர்த்தது. குற்றவாளி பற்றிய தியரியைக் கேட்டு டால்ஸ்டாய் முகம் சுளித்தார். தன் டைரியில், சின்ன வட்டத்துக்குள் சுற்றுகிற அப்பாவிக் கிழவர் என்கிற மாதிரிக் குறித்து வைத்தார். முகத்தைப் பார்த்து எழுதவில்லை, பேச்சைக் கேட்டு எழுதினார்.

லொம்ப்ரோசோ 1909-ல் காலமானார். தன் உடம்பை ஆராய்ச்சிக்கே எழுதிவைத்திருந்தார். அவர் சேர்த்த மண்டை ஓடுகள் இருக்கிற டூரின் மியூசியத்தில் இன்றைக்கும் அவருடைய எலும்புக்கூடு நிற்கிறது. வில்லெல்லாவின் ஊர்க்காரர்கள் எங்கள் ஆளின் தலையைத் திருப்பிக் கொடு என்று கேஸ் போட்டார்கள். 2012-ல் கீழ்க்கோர்ட்டு கொடுக்கச் சொன்னது, மேல்கோர்ட்டு வேண்டாம் என்றுவிட்டது. ஆக, பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே கட்டடத்தில் ஆயுள் கைதிகள்.

குரங்கு தியரி பற்றி எனக்கு ஒரே ஒரு வருத்தம். லொம்ப்ரோசோ ஒரு சீசனுக்காவது குற்றாலத்துக்கு வந்திருக்கலாம். பெயரிலேயே 'குற்ற' இருக்கிறது, ஆராய்ச்சிக்குத் தோதான ஊர். மெயினருவியில் குளித்துவிட்டு, தலை துவட்டியபடி ஒரு மிளகாய் பஜ்ஜியைக் கையில் பிடித்திருந்தாரானால் போதும். மேலேயிருந்து ஒன்று இறங்கும். பஜ்ஜி போகும், துண்டும் போகும். பிறகு எதிர்க்கிளையில் உட்கார்ந்து அது பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பச்சைக் குழந்தை முகம்! திருட்டு முழி முழிப்பது கீழே நிற்கிற நாம்தான்.

முகத்தில் லொம்ப்ரோசோ காதையும் தாடையையும் எடுத்துக்கொண்டார் என்றால், பிரிட்டிஷ்காரர்களுக்கு மூக்கின் மேல் ஒரு தனிப் பாசம். 1831-ல் பீகிள் கப்பல் கேப்டன் ஃபிட்ஸ்ராய், தன்னோடு வர விண்ணப்பித்த ஒரு வாலிபனைக் கிட்டத்தட்ட ரிஜெக்ட் பண்ணிவிட்டார். மூக்கு சரியில்லையாம், அந்த மூக்குக்காரனுக்கு நீண்ட பயணத்துக்கான ஊக்கம் இருக்காதாம். வாலிபன் பெயர் சார்லஸ் டார்வின். கேப்டன் மட்டும் அன்றைக்குக் கண்டிப்பாக இருந்திருந்தால் பரிணாமமே வேறு யாராவது கண்டுபிடிக்கும் வரை காத்திருந்திருக்கும். லொம்ப்ரோசோவும் குரங்கு கிடைக்காமல் திண்டாடியிருப்பார்.

இந்தியாவில் ஹெர்பர்ட் ரிஸ்லி என்று ஒரு ஐ.சி.எஸ். துரை. 1901 சென்ஸஸ் கமிஷனர். மூக்கின் அகலத்தை உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்கு இண்டெக்ஸ். அந்த நம்பர் ஏற ஏற சமூக அந்தஸ்து இறங்கும் என்று நிஜமாகவே சொன்னார். நானும் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றை வைத்துக் கண்ணாடி முன்னால் அளந்து பார்த்தேன், 78 வந்தது. மறுநாள் ஜலதோஷம், 82. ஒரே ராத்திரியில் என் குலம் இரண்டு படி இறங்கிவிட்டது.

இப்போது நம் கதாநாயகர் வருகிறார். எட்கர் தர்ஸ்டன். 1855-ல் பிறந்தவர், மருத்துவம் படித்தவர். 1885-லிருந்து 1908 வரை எழும்பூர் மியூசியத்தின் சூப்பிரண்டெண்ட். அந்தக் காலத்து மெட்ராஸ் ஜனங்கள் மியூசியத்துக்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. அங்கேயிருந்து ஒரு வெள்ளைக்காரர் கையில் இடுக்கி மாதிரி ஒன்றோடு ஊருக்குள் வந்து, "கொஞ்சம் தலையைக் காட்டு" என்றால் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்?

அதைத்தான் ஜனங்களும் செய்தார்கள். ஓடினார்கள்.

தர்ஸ்டன் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. காரணம், தான் பட்ட அவமானத்தை ஒன்று விடாமல் எழுதிவைத்திருக்கிறார். 1909-ல் ரங்காச்சாரி என்பவரின் துணையோடு ஏழு வால்யூமாக வந்த தென்னிந்திய ஜாதிகள் பற்றிய அவருடைய புத்தகத்தின் முன்னுரையைப் படித்தால், சயின்ஸ் மாதிரி இருக்காது, வடிவேலு காமெடி டிராக் மாதிரி இருக்கும்.

வயநாட்டில் பணியர் பெண்கள் இவரைப் பார்த்ததும் பிடித்தார்கள் ஓட்டம். நம்மில் நல்ல பீஸாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சு அடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் நிறுத்திவிடுவான் என்று பயம். மைசூர்ச் சீமையில் இன்னொரு வதந்தி: தென்னாப்பிரிக்காவுக்கு ஆள் பிடிக்க வந்தவன். ஊர் ஊராக இவர் வர வர, ஊர் ஊராக ஜனங்கள் காலி. கிழடு கட்டைகளும் கைக்குழந்தைகளும்தான் மிச்சம். வாங்க ஆளில்லாத பஜாரில் இருந்த கொஞ்ச வியாபாரத்துக்கு விலையை ஏற்றிவிட்டார்கள். வெண்ணெய் விலை ஏறிப்போச்சு என்று ஒரு பாதிரியார் வந்து புகார் சொன்னார். மண்டை அளக்கிற ஆராய்ச்சி நேராக வெண்ணெயில் போய் விடியும் என்று எந்தப் பொருளாதார நிபுணராவது சொல்லியிருப்பாரா?

ஒரு ஊரில் இவர் போய் இறங்கிய நேரம் தேர்த் திருவிழா. இழுக்க ஆளில்லாமல் தேர் நின்றுபோயிற்று. இன்னொரு ஊரில் விடைபெற வந்த பெரிய அதிகாரி, மன்னிக்க வேண்டும் துரை, ஷேவ் பண்ணவில்லை என்றார். நாவிதரும் ஓடிவிட்டாராம். வயதான முனிசிபல் ஊழியர் ஒருவர் அளந்து முடிகிற வரை தேம்பித் தேம்பி அழுதார். ஒரு பெண், புருஷன் தர்ஸ்டனின் அறைக்குள் காலை வைக்கும்போது வாசலில் நின்று கடைசி விடை கொடுத்தாள். உள்ளே நடந்தது மூக்கு அளப்பு.

தோல் நிறம் பார்க்க ஒரு மெஷின் வைத்திருந்தார். லோவிபாண்ட் என்கிற இங்கிலாந்து பீர் ஆலைக்காரர் பீரின் நிறம் பார்க்கக் கண்டுபிடித்த டின்டோமீட்டர் அது. பீருக்குச் செய்ததை நம்ம ஆளுக்கு வைத்தார். தானாக முன்வந்த ஒருவர், பாதியில் என்ன தோன்றியதோ, மேல்துண்டை துரையின் காலடியில் வீசிவிட்டு எடுத்தார் ஓட்டம், திரும்பவே இல்லை. நம்ம ஊரில் டெஸ்ட் முடிவதற்கு முன்னால் தெளிந்த ஒரே ஆள்.

முகக் கோணம் பார்க்கிற கருவிதான் உச்சம். அதை வாயில் வைத்தாக வேண்டும். எல்லா ஜாதி வாயிலும் போய் வருகிற சாமான் என்பதால் ஒவ்வொரு தடவையும் குளத்துக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டியிருந்தது. ஒரு வகுப்பார் நாலு மணிக்குள் எங்களை அளந்துவிடு என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தீட்டுப் போகக் குளிக்க நேரம் வேண்டுமே! பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் விஞ்ஞானத்துக்கே டைம் டேபிள் போட்டுக் கொடுத்த ஜனங்கள்.

கோயம்புத்தூரில் போயர் பட்டம் உள்ள ஒட்டர்கள் கிளப் கட்டடத்துக்குச் செங்கல் சூளை போட்டிருந்தார்கள். துரையின் கண் பட்டால் சூளை உருப்படாது என்று, அவர் ஊரை விட்டுப் போகிற வரை தீ வைக்க மறுத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அப்போதுதான் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் முடிந்திருந்தது. அங்கே செத்த போயர்களுக்குப் பதிலாக இங்கே இருக்கிற போயர்களைக் கப்பல் ஏற்றத்தான் இந்த அளவெல்லாம் என்று கணக்குப் போட்டார்கள். லாஜிக்கைப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் ஆளும் ஒன்று. ரிஸ்லி துரைக்கு மூக்கு எப்படியோ, இவர்களுக்குப் பெயர் அப்படி. விஞ்ஞானத்தின் தரத்தில் இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் மனசுக்குப் பிடித்தவர் நீலகிரியைச் சேர்ந்த ஒரு இருளர். எப்போதோ செய்த ஏதோ ஒரு சில்லறைக் குற்றத்துக்காகப் போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஆள். அளக்க வந்தவர், உயரம் பார்க்கிற ஸ்டாண்டைப் பார்த்ததும் முடியவே முடியாது என்றுவிட்டார். அது தூக்குமரமாம். தர்ஸ்டன் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். நானும் சிரித்தேன், பாதி வரைக்கும். ஏனென்றால் தர்ஸ்டன் வேலையில்லாத நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? மெட்ராஸ் போலீஸுக்குக் குற்றவாளியை உடம்பளவு வைத்து அடையாளம் காண்பது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆள் பிடிப்பவன், அளவெடுக்க வந்த ராணுவத் தையல்காரன், தூக்குப் போடுபவன், பஞ்சு அடைப்பவன். ஊர் துரையைப் பற்றி வைத்திருந்த தியரிகள் இவை. துரை ஊரைப் பற்றி வைத்திருந்த தியரிகள் ஏழு வால்யூம். அளவு கருவி எதுவும் இல்லாமலேயே ஊர்தான் கிட்டே போயிருக்கிறது.

ரிட்டயர் ஆனதும் தர்ஸ்டன் இங்கிலாந்துக்குப் போய் கார்ன்வால் பக்கத்துச் செடிகொடிகளை ஆராய ஆரம்பித்தார். நல்ல முடிவு. செடி ஓடாது.

பாவம், உடம்பளவு சிஸ்டமும் ரொம்ப நாள் ஓடவில்லை. ஒரே கைதியை இரண்டு கான்ஸ்டபிள்கள் அளந்தால் இரண்டு அளவு வந்தது. பிளவுஸ் தைக்கிற டைலர் இரண்டு பேரிடம் அளவு கொடுத்தவர்களுக்கு இது புரியும். கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்கிற இரண்டு இந்தியர்கள் கைரேகையை வகைப்படுத்தும் முறையை உருவாக்க, 1897-ல் அங்கே ரேகை பீரோ வந்தது. வேலை செய்தது அவர்கள் இரண்டு பேர், முறைக்குப் பெயர் 'ஹென்றி சிஸ்டம்'. இதிலும் ஒரு திருட்டு இருக்கிறது, ரேகைதான் கிடைக்கவில்லை.

முகம், மூக்கு, மண்டை எதுவுமே தேவைப்படாத ஒரு ஏற்பாட்டை இந்திய சர்க்கார் லொம்ப்ரோசோவின் புத்தகத்துக்கு ஐந்து வருஷம் முந்தியே செய்துவிட்டது. 1871-ன் குற்றப் பரம்பரைச் சட்டம். தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன் என்பது அதற்கு ஆதரவாகப் பேசியவர்களின் வாதம். லொம்ப்ரோசோவாவது மண்டையைத் திறந்து பார்த்தார். இவர்கள் அப்பா பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

1911-ல் திருத்திய சட்டம் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது. இரண்டே வருஷத்தில், 1913-ல், சார்லஸ் கோரிங் என்கிற இங்கிலாந்து ஜெயில் டாக்டர் சுமார் 3000 கைதிகளை அளந்து, ராணுவ வீரர்களோடும் கேம்பிரிட்ஜ் மாணவர்களோடும் ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உருவமே இல்லை என்று புத்தகம் போட்டார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குற்றவாளிக்கு மூளை மட்டு, அது பரம்பரையாக வருகிறது என்று பின்னாடியே சேர்த்துவிட்டார். வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது. அதான் முழி தெரியல.

தெற்குச் சீமைக்கு இதில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. திருநெல்வேலி, மதுரைப் பக்கம் அந்தக் காலப் போலீஸே காவல்காரர்கள்தான். ஊர்க்காவல், திசைக்காவல் என்று வம்சாவழியாகப் பார்த்தார்கள். மாடு களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். துப்புச் சொன்னால் துப்புக்கூலி. அதில் தில்லுமுல்லும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. மாட்டை ஓட்டினவரே துப்புச் சொன்ன கதைகளும் கேட்டிருக்கிறேன். கம்பெனி வந்து காவலை எடுத்தது. அப்புறம் வந்த சர்க்கார், காவல் பார்த்த குடும்பங்களின் வாரிசுகளையே குற்றப் பட்டியலில் ஏற்றியது. வேலையும் போயிற்று, கேரக்டர் சர்டிபிகேட்டும் போயிற்று. பழைய போலீஸ் ரெஜிஸ்டரில் 'நோன் டெப்ரடேட்டர்' (Known Depredator) என்று ஒரு தலைப்பு, சுருக்கமாக கே.டி. நாம் சினேகிதனைச் செல்லமாகக் 'கேடிப் பயலே' என்கிறோமே, அது அங்கேயிருந்து வந்தது என்பார்கள்.

ஜனங்கள் அந்தச் சட்டத்துக்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பட்டியலில் உள்ள ஜாதியில் பிறந்த ஆண் போய்ப் பத்து விரலையும் மையில் உருட்டிப் பதிய வேண்டும். ராத்திரியில் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும். உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் முடியாது என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் பெண், மாயக்காள். குண்டடி பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர். இந்தப் பாராவுக்கு என்னிடம் ஜோக் இல்லை.

மெட்ராஸில் 1947-ல் சட்டம் போனது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல் போனது. முழி மட்டும் போகவில்லை, சினிமாவுக்குக் குடிபோனது.

கோடு போட்ட பனியன், கழுத்தில் கர்ச்சீப், கன்னத்தில் மரு. ஆள் வாயே திறக்க வேண்டாம், கீற்றுக் கொட்டகையில் தரை டிக்கெட்டே சொல்லிவிடும், "ஏய், இவன்தாம்ல கொள்ளைக் கூட்டத் தலைவன்." லொம்ப்ரோசோவின் தியரி உலகத்திலேயே நூற்றுக்கு நூறு பலித்த இடம் கோடம்பாக்கம்தான். கையைப் பிசைந்து, கண்ணை உருட்டி, புருவத்தை ஏற்றி எம்.என். நம்பியார் முழித்த முழியில் எத்தனை தலைமுறை நடுங்கியது! அவர் நிஜத்தில் சைவம், குடிக்க மாட்டார், சபரிமலைக்கு எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போன குருசாமி. நேரில் பார்த்த தாய்மார்கள் அப்போதும் அவரைத் திட்டியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். மாலை போட்டிருந்தார், அதான் முழி தெரியல.

எம்.ஜி.ஆர். விஷயம் இன்னும் ஆழமானது. கன்னத்தில் ஒரு மருவை ஒட்டி ஒரு தாடியை வைத்துக்கொண்டால் போதும், வில்லன் கோட்டைக்குள் ஒருத்தனுக்கும் அடையாளம் தெரியாது. பெற்ற தாய்க்கே தெரியாது. தலையிலிருந்து கால் வரை அளந்து வைத்தும் பிசகின போலீஸ் எங்கே, ஒரே ஒரு மருவில் மொத்த சிஸ்டத்தையும் படுக்கவைத்த நம்ம வாத்தியார் எங்கே!

உங்களுக்கு இன்னும் லொம்ப்ரோசோ மேல் இரக்கம் வரவில்லை என்றால் பர்ஸிலிருந்து உங்கள் ஆதார் கார்டை எடுங்கள். பாருங்கள், நன்றாகப் பாருங்கள். என்னுடையதில் தாடை துருத்தி, காது விரிந்து, ஒரு கண் பெரிசும் ஒரு கண் சிறிசுமாக, பாங்க் கொள்ளைக்கு முந்தின நாள் எடுத்த மாதிரி ஒரு முகம். டூரினில் காட்டியிருந்தால் தனி அலமாரியே ஒதுக்கியிருப்பார்கள்.

போன மாசம் என் பெரியம்மாவை ரேஷன் கடைக்குக் கூட்டிப்போனேன். தீப்பெட்டி ஆபீஸில் நாற்பது வருஷம் குச்சி அடுக்கின கை. மெஷினில் கட்டை விரலை வைத்தாள், சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தாள். தலையில் எண்ணெய்ப் பிசுக்கில் தேய்த்துவிட்டு வைத்தாள். பத்து விரலும் ஆயிற்று. "ரேகை தேஞ்சு போச்சு ஆச்சி" என்றார் கடைக்காரத் தம்பி. ஹென்றியும் ரிஸ்லியும் தர்ஸ்டனும் சேர்ந்து வந்தாலும் பெரியம்மாவிடம் ஒன்றும் எடுக்க முடியாது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பின்னால் வரிசை முணுமுணுத்தது.

தம்பி மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு மெஷினை எடுத்தார். கருவிழி பார்க்கிறதாம், புதுசு. பெரியம்மா அதற்கு நேராகக் குனிந்தாள். மெஷின் யோசித்தது. தம்பியும் ஸ்கிரீனைப் பார்த்து யோசித்தார். பிறகு சொன்னார்:

"கண்ணாடியக் கழத்துங்க ஆச்சி. முழி தெரியல."